பழைய ஃபெல்ட் தொப்பியின் வயதுக்கு எந்தச் சீட்டை நம்புவது?

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பழம்பொருள் சந்தையில் ஸ்டெட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த சாம்பல் நிறத் தொப்பி ஒன்றை வாங்கினேன். ஃபெல்ட், அதாவது விலங்கு மயிரை அழுத்திச் செய்த துணி, மிருதுவாக இருந்தது, ரிப்பன் மங்கவில்லை, உள்ளே பட்டு லைனிங் கிழியாமல் இருந்தது. விற்றவர் "இது 1930கள்ல செஞ்சது" என்று உறுதியாகச் சொன்னார், நானும் அந்தக் காலத்துக்கு உரிய விலையைக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, நெற்றியில் படும் அந்தத் தோல் பட்டையை மெதுவாகக் கீழே மடித்துப் பார்த்தபோதுதான் உள்ளே ஒட்டியிருந்த சீட்டுகள் தெரிந்தன. அவற்றையும் பட்டையின் மேல் பதிந்த எழுத்தையும் படித்து முடித்ததும் தொப்பிக்குப் பல வயது குறைந்துவிட்டது.

அதிலிருந்து ஒரு தொப்பிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் எதைப் பார்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்று எனக்கென்று ஒரு வரிசை வைத்திருக்கிறேன். அமெரிக்கத் தொப்பிகளை வைத்தே பேசுகிறேன், ஏனென்றால் சந்தையில் அதிகம் கிடைப்பவையும் சீட்டுகள் அதிகம் ஒட்டப்பட்டவையும் அவைதான்.

முதலில் எது எங்கே இருக்கும் என்பது. தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தால் உச்சியில் தெரியும் துணி லைனிங், அதில் நிறுவனத்தின் முத்திரை அச்சாகியிருக்கும். அதைச் சுற்றி விளிம்போரமாக ஓடுவது தோல் பட்டை, அதன் மேலும் நிறுவனத்தின் பெயரும் பல நேரங்களில் விற்ற கடையின் பெயரும் பொன்னிறத்தில் பதிந்திருக்கும். இவை இரண்டும் யாருக்கும் தெரியும்படி இருப்பவை. அந்தத் தோல் பட்டையை மடித்தால் அதன் முதுகில் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகள் இருக்கும்: தொழிற்சங்கச் சீட்டு, அளவுச் சீட்டு, கடைக்காரர் அதே தொப்பியை மறுபடி ஆர்டர் செய்ய உதவும் சீட்டு. மூன்றும் ஒரே தொப்பியில் இருந்தால் அதிர்ஷ்டம். பல தொப்பிகளில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும், சிலவற்றில் பசை உலர்ந்த கறை மட்டும்தான்.

மூன்றில் நான் முதலில் தேடுவது தொழிற்சங்கச் சீட்டு. தொப்பித் தொழிலாளர்கள் சங்கம் தன் ஆட்கள் செய்த தொப்பி என்பதற்கு அடையாளமாக ஒட்டிய சதுரக் காகிதம் இது. 1896இல் இரண்டு பழைய சங்கங்கள் சேர்ந்து யுனைடெட் ஹேட்டர்ஸ் ஆஃப் நார்த் அமெரிக்கா உருவானது. 1934இல் அது துணித்தொப்பி, பெண்கள் தொப்பி செய்பவர்களின் சங்கத்தோடு சேர்ந்து யுனைடெட் ஹேட்டர்ஸ், கேப் அண்ட் மில்லினரி வொர்க்கர்ஸ் இன்டர்நேஷனல் யூனியன் என்று நீண்ட பெயராக மாறியது. 1980களின் தொடக்கத்தில் அதுவும் ஆடைத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்துக்குள் போய்விட்டது. ஆகவே சீட்டில் எந்தப் பெயர் என்று படித்தாலே போதும், தொப்பி 1934க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும். பழைய சீட்டுகள் கையிருப்பில் இருந்தால் சேர்க்கைக்குப் பிறகும் கொஞ்ச நாள் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்பதால் ஓர் ஆண்டு முன்னே பின்னே விட்டுக் கணக்கு வைக்கிறேன்.

என் சாம்பல் நிறத் தொப்பியில் இருந்தது நீண்ட பெயர்ச் சீட்டு. அதாவது 1934க்குப் பிந்தியது, அவ்வளவுதான் அது சொல்லும். விற்றவர் சொன்ன 1930கள் அதில் அடங்கும், 1970களும் அடங்கும். இந்தச் சீட்டின் பலமும் பலவீனமும் இதுதான்: கோடு மிக உறுதியானது, ஆனால் கோட்டுக்குப் பிறகு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஒரே பெயரில் விரிந்து கிடக்கின்றன. பழைய பெயர் கிடைத்தால் மட்டும் நேராக லாபம், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தொப்பி என்று தைரியமாக நம்பலாம்.

இந்தச் சங்கச் சீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வயது பார்ப்பவர்கள் பலர் இதை வெறும் அடையாளமாக நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்துத் தொழிலாளர்களுக்கு இது ஓர் ஆயுதம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரமே போட்டது: உண்மையான சீட்டின் நான்கு ஓரங்களிலும் தபால்தலையில் இருப்பதுபோல் துளைப்பற்கள் இருக்கும், போலிகளில் சில நேரம் மூன்று ஓரத்திலும் சில நேரம் இரண்டு ஓரத்திலும் மட்டும்தான் இருக்கும், கடைக்காரர் கையில் தனிச் சீட்டை வைத்துக்கொண்டு ஒட்டித் தருகிறேன் என்றால் அவரிடம் வாங்காதீர்கள் என்று. போலிச் சீட்டு அடிக்கும் அளவுக்கு அதற்கு மதிப்பு இருந்தது. கனெடிகட் மாநிலத்தின் டான்பரி ஊரில் லோவி என்ற முதலாளி 1902இல் சங்கத்தை ஏற்க மறுக்க, வேலைநிறுத்தமும் நாடு தழுவிய புறக்கணிப்பும் நடந்தன. அவர் வழக்குப் போட்டார். 1908இல் உச்ச நீதிமன்றம் அந்தப் புறக்கணிப்பு சட்டவிரோதம் என்றது, தனித்தனித் தொழிலாளர்களின் வீடும் சேமிப்பும் ஜப்திக்கு வந்தன. கடைசியில் 1917இல் சுமார் 2,34,000 டாலருக்கு வழக்கு தீர்ந்தது. சங்கத்துத் தொப்பிதானா என்று பார்த்து வாங்குங்கள் என்ற அந்தப் போராட்டம் முழுவதும் நின்றது இந்தச் சின்னக் காகிதத்தின் மேல்தான், அதனால் ஓரம் கிழிந்த ஒரு சீட்டைக்கூட நான் சுரண்டி எடுக்க மாட்டேன்.

வயது பார்க்கிற நமக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. இரண்டு ஓரத்தில் மட்டும் பல் உள்ள போலிச் சீட்டு கிடைத்தாலும் கவலை வேண்டாம், அந்தப் போலியும் அதே காலத்தில் அச்சடித்ததுதான். ஆனால் சீட்டே இல்லாத தொப்பியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதே விளம்பரத்தில் பிலடெல்பியாவின் ஜான் பி. ஸ்டெட்சன் கம்பெனி சங்கம் சாராத நிறுவனம் என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். எனவே அந்தக் காலத்து ஸ்டெட்சனில் சங்கச் சீட்டைத் தேடிக் களைத்துப் போவதில் பயனில்லை, இல்லாமல் இருப்பதே இயல்பு.

1933இல் ரூஸ்வெல்ட் அரசு கொண்டுவந்த தேசிய மீட்புத் திட்டத்தின் நீலக் கழுகு போட்ட சீட்டு தொப்பியில் கிடைத்தால் அது எல்லாவற்றையும்விட மேல். 1935 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. இரண்டே ஆண்டு இடைவெளிக்குள் வயதைப் பிடித்துக் கொடுக்கும் வேறு சீட்டை நான் பார்த்ததில்லை. கிடைப்பது அரிது, கிடைத்தால் கேட்ட விலையில் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

அடுத்தது அளவுச் சீட்டு. 7 1/8, நம் கணக்கில் ஏழே அரைக்கால், என்று ஒரே ஓர் எண் இருக்கும் சிறிய காகிதம். (அமெரிக்க அளவு என்பது தலையின் சராசரிக் குறுக்களவு, அங்குலத்தில். 57 சென்டிமீட்டர் சுற்றளவை 3.14ஆல் வகுத்து அங்குலமாக்கினால் ஏறக்குறைய ஏழே அரைக்கால் வரும். பிரிட்டிஷ் அளவு இதைவிட அரைக்கால் குறைவு, அங்கே 7 என்றால் இங்கே 7 1/8. சீட்டில் 7 என்று போட்ட தொப்பி உங்கள் 7 1/8 தலைக்குச் சரியாகப் பொருந்தினால் அது பிரிட்டனில் செய்ததா என்று ஒருமுறை யோசியுங்கள்.) இதை வைத்து வயது சொல்பவர்கள் எழுத்துருவையும் சீட்டின் வடிவத்தையும் பார்க்கிறார்கள். ஒரே நிறுவனத்தின், வயது உறுதியான பத்துப் பதினைந்து தொப்பிகளை அருகருகே வைத்துப் பழகியவருக்கு இது நல்ல வழி. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது பொறி, ஏனென்றால் அச்சகம் மாறினால் எழுத்து மாறும், ஒரே ஆண்டில் இரண்டு வகைச் சீட்டு புழங்கியிருக்கலாம். என் அனுபவத்தில் சென்டிமீட்டரும் சேர்த்து அச்சிட்ட சீட்டு பெரும்பாலும் பிற்காலத்தைச் சேர்ந்தது, அதற்கு மேல் அளவுச் சீட்டை மட்டும் வைத்து நான் ஓர் ஆண்டைச் சொல்ல மாட்டேன்.

மறு ஆர்டர் சீட்டுக்கு வருகிறேன். பார்க்க மிக நம்பிக்கையாகத் தெரிவது இதுதான்: மாடல் எண், தொப்பிக்கு வடிவம் தரும் அச்சின் எண், நிறம், விளிம்பின் அகலம் என்று வரிசையாக எண்கள். அங்கேதான் சிக்கலும். ஒரு தொப்பியில் 47 என்று முத்திரை குத்தியிருந்ததை ஒருவர் 1947 என்று எடுத்துக்கொண்டு விலை சொன்னார், அதே வரிசையில் அவரிடமே இருந்த இன்னொரு தொப்பியில் 83 என்று இருந்தது, அதை 1883 என்றோ 1983 என்றோ அவரால் சொல்ல முடியவில்லை. எண்ணை ஆண்டாகப் படிக்காதீர்கள். இந்தச் சீட்டில் வயதுக்கு உதவுவது நிறுவனத்தின் பெயர்தான். நாக்ஸ், டாப்ஸ், கவனா, டன்லப் என்ற பெயர்களில் தொப்பி செய்தவர்கள் 1932இல் ஹேட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற ஒரே குடையின் கீழ் வந்தார்கள், ஆகவே நாக்ஸ் தொப்பியின் சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் அது 1932க்குப் பின். அதோடு, தொப்பி முதலில் எப்படி இருந்தது என்பதையும் இந்தச் சீட்டு சொல்லும். சீட்டில் விளிம்பு 2 1/2 அங்குலம் என்று இருந்து, கையில் இருப்பது இரண்டே அங்குலம் என்றால் யாரோ பின்னாளில் வெட்டியிருக்கிறார்கள். வயதுக்காக இல்லாவிட்டாலும் விலைக்காக இதைப் படிக்க வேண்டும்.

இனி எல்லோருக்கும் தெரிகிற லைனிங், தோல் பட்டை அச்சுகள். விற்பவர்கள் படம் எடுத்துப் போடுவது எப்போதும் இதைத்தான். இவற்றில் நான் தேடுவது நான்கு விஷயங்கள். பெயருக்கு அருகில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து (®), அதாவது பதிவுபெற்ற வணிகச் சின்னம் என்பதற்கான குறி, இருக்கிறதா: அமெரிக்காவின் புதிய வணிகச் சின்னச் சட்டம் 1946 ஜூலையில் கையெழுத்தாகி 1947 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, அந்தக் குறி அதோடு வந்தது, எனவே குறி இருந்தால் தொப்பி போருக்குப் பிந்தியது. என் சாம்பல் நிறத் தொப்பியைக் காட்டிக்கொடுத்தது இதுதான், தோல் பட்டையின் பொன்னெழுத்தில் கடுகளவு வட்டம். ஆனால் குறி இல்லாததை வைத்து 1947க்கு முன் என்று சொல்ல முடியாது, பழைய முறையில் பதிவு பெற்றது என்று சுருக்கமாக எழுதும் வழக்கமும் பிறகு தொடர்ந்தது.

காப்புரிமை எண் இருந்தால் அதுவும் நல்ல கீழெல்லை. பத்து லட்சமாவது அமெரிக்கக் காப்புரிமை 1911 ஆகஸ்டிலும் இருபது லட்சமாவது 1935 ஏப்ரலிலும் முப்பது லட்சமாவது 1961 செப்டம்பரிலும் வழங்கப்பட்டன. எண் 20 லட்சத்தைத் தாண்டியிருந்தால் தொப்பி 1935க்கு முன் இருக்க முடியாது. எத்தனை ஆண்டு பின் என்பதை மட்டும் அது சொல்லாது.

மூன்றாவது ஊரின் பெயர். ஸ்டெட்சனின் பிலடெல்பியா ஆலை 1971இல் உற்பத்தியை நிறுத்தியது, பிறகு மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் ஊரில் வேறு நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது. அந்த ஊர்ப் பெயர் இருந்தால் எழுபதுகள் அல்லது அதற்குப் பிறகு. மேலரி நிறுவனத்தை ஸ்டெட்சன் 1946இல் வாங்கியது, "மேலரி பை ஸ்டெட்சன்" என்று லைனிங் சொன்னால் அதற்குப் பிறகுதான். இத்தாலிய போர்சலினோவிலும் இப்படி ஒரு பிரிவுண்டு: அலெஸாண்ட்ரியாவில் 1857இல் தொடங்கிய குடும்பத் தொழிலிலிருந்து 1906இல் ஒரு கிளை பிரிந்து "ஃபூ லாஸ்ஸாரோ" என்ற பெயரில் போட்டியாகத் தொப்பி செய்தது, 1930களில் மீண்டும் தாய் நிறுவனத்தோடு சேர்ந்தது. அந்தப் பெயர் இருக்கிற போர்சலினோ கிடைத்தால் காலம் தானாகவே சுருங்கிவிடும்.

நான்காவது மாடலின் பெயர். இதுதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஸ்ட்ராட்டோலைனர் என்ற ஸ்டெட்சன் மாடலின் பெயர் போயிங் 307 விமானத்திலிருந்து வந்தது, அந்த விமானம் 1940இல்தான் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. எனவே 1935 ஸ்ட்ராட்டோலைனர் என்று யாராவது விற்றால் திரும்பி நடந்துவிடலாம். ஆனால் அதே பெயரில் இன்றும் தொப்பி விற்கிறார்கள், ஆகவே பெயரை மட்டும் பார்த்து 1940கள் என்று வாங்குவதும் தவறு.

லைனிங்கை நம்புவதில் இன்னொரு ஆபத்து, அது மாற்றப்பட்டிருக்கலாம். பழைய நாளில் தொப்பியைச் சுத்தம் செய்து புது ரிப்பன், புதுப் பட்டை, புது லைனிங் வைத்துத் தரும் கடைகள் ஏராளம். இன்றும் வேறு தொப்பியிலிருந்து எடுத்த லைனிங்கை உள்ளே செருகுகிறார்கள். லைனிங் ஒரு நிறுவனம், தோல் பட்டை இன்னொரு நிறுவனம் என்று இருந்தால் உடனே தெரியும், இரண்டும் ஒரே நிறுவனமாக இருந்து காலம் மட்டும் வேறாக இருந்தால் பட்டைக்குப் பின்னால் இருக்கும் காகிதம்தான் சொல்லும். முழுப் பட்டையும் மாற்றியிருந்தால் அந்தக் காகிதமும் போயிருக்கும், அப்போது ஃபெல்ட்டுக்கு வயது தெரியவே தெரியாது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

தொப்பிப் பெட்டி? அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டியும் தொப்பியும் பிரிந்து சேர்ந்து பல கை மாறியிருக்கும். பெட்டியில் கடையின் முகவரி இருந்து, ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்று அல்லது இரண்டு இலக்க அஞ்சல் மண்டல எண் இருந்தால் பெட்டி 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது, ஐந்து இலக்கம் இருந்தால் 1963 ஜூலைக்குப் பின். அது பெட்டியின் வயது மட்டுமே. "எங்க தாத்தா கல்யாணத்துக்குப் போட்டது" என்பதையும் நான் மரியாதையோடு கேட்டுக்கொள்வேன், விலையில் சேர்க்க மாட்டேன்.

இவ்வளவு சொன்னாலும் பட்டையை மடிக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. எழுபது எண்பது ஆண்டுப் பழைய தோல் சில நேரம் அப்பளம் மாதிரி நொறுங்கும், தையல் விட்டுப்போகும். மடித்துப் பார்த்து உடைத்தால் வயது தெரியும், தொப்பி போய்விடும். தோல் வளைந்து கொடுக்கிறதா என்று பின்பக்கத்து இணைப்புக்கு அருகே விரல் நுனியால் லேசாக அழுத்திப் பார்க்கிறேன். வளைந்தால் அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மடிக்கிறேன். விறைப்பாக இருந்தால் தொடுவதில்லை, அலைபேசி கேமராவையும் சின்ன டார்ச்சையும் இடுக்கில் வைத்துப் படம் எடுத்து எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நீராவி காட்டி இளக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம், தொப்பியின் வடிவம் கெடும், சீட்டின் பசையும் விட்டுப்போகும்.

அப்புறம் இதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். முயல், பீவர் (நீரில் வாழும் ஒரு கொறிவிலங்கு) மயிரை ஃபெல்ட்டாக்க அந்தக் காலத்தில் பாதரச நைட்ரேட் பூசினார்கள், அதனால் டான்பரித் தொழிலாளர்களுக்குக் கை நடுக்கமே ஒரு நோயாக இருந்தது. அமெரிக்கத் தொப்பித் தொழிலில் அதன் பயன்பாடு 1941 டிசம்பர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதற்கு முந்தைய தொப்பியின் ஃபெல்ட்டில் இன்னும் பாதரச மிச்சம் இருக்கக்கூடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே படிந்த தூளை ஊதாதீர்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். வயது பார்ப்பதற்கு விலையைத் தவிர இப்படி ஒரு காரணமும் இருக்கிறது.

சரி, முடிவுக்கு வருவோம். தலையில் வைத்துக்கொள்ளத்தான் வாங்குகிறீர்கள், விலை ஐம்பது அறுபது டாலர் என்றால் லைனிங்கையும் அளவையும் பார்த்து ஃபெல்ட்டில் பூச்சி அரித்த ஓட்டை இல்லை என்றால் வாங்கிவிடுங்கள், பட்டையைத் தொட வேண்டாம். போருக்கு முந்தையது என்று சொல்லி அதற்காகவே கூடுதல் விலை கேட்டால் சங்கச் சீட்டின் பெயர் படிக்கும்படி படம் வேண்டும் என்று கேளுங்கள், அதோடு தோல் பட்டை எழுத்தின் நெருக்கமான படமும் மறு ஆர்டர் சீட்டின் படமும். மூன்றும் ஒரே காலத்தைச் சொன்னால் கொடுக்கலாம். சங்கச் சீட்டும் லைனிங்கும் முரண்பட்டால் நான் சங்கச் சீட்டின் பக்கம், ஏனென்றால் தெரியாத இடத்தில் ஒட்டிய காகிதத்தை மாற்றி வைக்க யாருக்கும் பெரிய காரணம் இருந்ததில்லை. எந்தச் சீட்டும் இல்லாமல் விற்பவர் சொல் மட்டும் இருந்தால், வயது தெரியாத தொப்பிக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள். குடும்பத்தில் வந்த தொப்பியாக இருந்தால் எல்லாச் சீட்டையும் படம் எடுத்து வையுங்கள், ஒன்றையும் பிரித்து எடுக்காதீர்கள், உதிர்ந்து விழுந்ததைக்கூட ஓர் உறையில் போட்டுத் தொப்பியோடு வையுங்கள்.

என் சாம்பல் நிறத் தொப்பியைக் கடைசியில் இப்படிக் குறித்து வைத்திருக்கிறேன்: நீண்ட பெயர்ச் சங்கச் சீட்டு, வட்டத்துக்குள் ஆர், பிலடெல்பியா, அளவு 7 1/8, சீட்டில் சென்டிமீட்டர் இல்லை. 1947க்கும் 1971க்கும் நடுவில். அந்த இருபத்துநான்கு ஆண்டுகளை இன்னும் குறுக்க, அதே எழுத்துருவில் அளவுச் சீட்டு இருக்கிற, வாங்கிய ரசீதோடு கிடைக்கும் இன்னொரு ஸ்டெட்சனைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.